குமரிமுனையில் நின்றால் மேரு எந்தப் பக்கம்?

கேள்வி: ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் தர்ப்பணம் கொடுத்தேன். ‘ஜம்பூத்வீபே, பாரத வர்ஷே, பரத கண்டே, மேரோர் தக்ஷிணே பார்ச்வே’ என்று சொல்ல வைத்தார்கள். இது என்ன கணக்கு? குமரிக்கண்டமும் அந்த ஏழு தீவுகளில் ஒன்றா?
– தக்கலை வாசகர்

பதில்: அந்த நெரிசலில் இதைக் காதில் வாங்கினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். விரலில் தர்ப்பை, உள்ளங்கையில் எள், வேட்டியை நனைக்கிற அலை, போதாததற்குப் பக்கத்துக் கூட்டத்து மந்திரமும் நம் காதில்தான் விழும்.

நீங்கள் சொன்னது முகவரி: ஜம்புத்தீவில், பாரத வர்ஷத்தில், பரத கண்டத்தில், மேரு மலையின் தென்பக்கத்தில். யார், எங்கிருந்து கொடுக்கிறார் என்று தபால் எழுதுவது போலத்தான். என்ன, இது நாட்டிலிருந்து தொடங்கி வீட்டுக்கு வரும்.

விஷ்ணு புராணக் கணக்கில் நட்டநடுவே இருப்பது ஜம்புத்தீவு, நம் நாவலந்தீவு. குறுக்களவு 1,00,000 யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு). சுற்றிலும் உப்புக்கடல். அதற்கு வெளியே பிலட்சம், சால்மலி, குசம், கிரவுஞ்சம், சாகம், புஷ்கரம் என்று வளையம் வளையமாக ஆறு தீவுகள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. ஜம்புத்தீவின் நடுவில் மேரு. மண்ணுக்கு மேல் 84,000 யோசனை, உள்ளே 16,000. அடியில் 16,000 அகலம், உச்சியில் 32,000! பக்கத்தில் ஒரு நாவல் மரம். யானை பெரிதுக்குப் பழம். அவை விழுந்து உடைந்த சாறு ஆறாக ஓடுகிறது. கரை மண் அதில் ஊறிக் காய்ந்தால் பொன். (பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ் மலையைக் காட்டி மேருவின் துண்டு என்பவர்களும் உண்டு. அனுமன் கதையில் வருவது சஞ்சீவி மலை, மேரு வேறு.)

ஜம்புத்தீவின் ஒன்பது வர்ஷங்களில், அதாவது நிலப்பகுதிகளில், தென்கோடி பாரதம்: இமயத்துக்குத் தெற்கே, உப்புக்கடலுக்கு வடக்கே. ஆக, துறையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் மேரு உங்களுக்கு நேர் எதிரே.

இனி குமரிக்கண்டம். ஏழு தீவுகளில் அது இல்லை; அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. பாரதத்தையும் ஒன்பதாகப் பிரிப்பார்கள். ஒன்பதாவது பகுதி குமரியிலிருந்து கங்கை பிறக்கும் இடம் வரை நீண்டது என்கிறது வாயு புராணம். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் அண்டகோசப் படலம் சொல்லும் குமரிகண்டமும் அந்த ஒன்பதில் ஒன்றுதான். மூழ்கிய நிலமாக அவர் அதைப் பாடவில்லை. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டது சிலப்பதிகாரச் செய்தி. லெமூரியாவோ, கடலில் மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்த ஒரு நிலத்துக்கு 1864இல் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த பெயர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனம் எப்படி வந்தது என்று விளக்கப் போட்ட ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போனது. இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியது பிற்காலத்தார். எனக்கு மூன்றும் தனித்தனியாகத்தான் ருசிக்கிறது.

கேள்வி: பாற்கடல் எத்தனையாவது கடல்? திருவட்டாறு பெருமாள் பள்ளிகொண்டிருப்பது அதில்தானா?
– குலசேகரம் வாசகி

பதில்: உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்பது விஷ்ணு புராண வரிசை. அதில் ஆறாவது, அகலம் 32 லட்சம் யோசனை. பாகவதத்தில் பால் முந்திக்கொண்டு ஐந்தாவதாக வந்துவிடும். பரம்பொருள் அங்கே பாம்பணையில் இருப்பதைத்தான் ஆதிகேசவர் இங்கே காட்டுகிறார். ஆனால் திருவட்டாற்றைச் சுற்றி ஓடுவது கோதையாறும் பறளியாறும். மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் முழு உருவமும் கிடைக்கும்; அவசரப்படாமல் போங்கள், அம்மா.