பதில்: புளிக் கிடங்கு கம்ப்ரசர் கருவிக்கு நிதி எங்கே கேட்பது?

வணக்கம். மின்தேவை அதிகமான உச்ச நேரத்தில் குளிர்கிடங்கின் கம்ப்ரசரைத் தானாக நிறுத்தும் கருவி செய்திருக்கிறீர்கள். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு குளிர்கிடங்கில் சோதிக்க இடமும் கிடைத்திருக்கிறது. பிரிட்டன் அரசின் 6.5 கோடி பவுண்டு நெகிழ்திறன் திட்டத்துக்கு (மின் பயன்பாட்டை நேரத்துக்கேற்ப மாற்றும் புதுமைகளுக்கானது) விண்ணப்பிக்கலாமா என்கிறீர்கள். அதை விடுங்கள், அது அந்த நாட்டு மின்கட்டமைப்புக்கான பணம்.

இங்கே தமிழக அரசின் புத்தொழில் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன், தொடக்கநிலை நிறுவனங்களுக்குத் தரும் டான்சீட் நிதியைப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய் வரை, பசுமைத் தொழில்நுட்பம் என்றால் 15 லட்சம் வரை. பதிலுக்கு நிறுவனத்தில் சிறு பங்கு கேட்பார்கள். கடனுக்கு அது எவ்வளவோ மேல்.

நேர்காணலில் உங்களை மடக்கப்போவது வேறொன்று. உயரழுத்த இணைப்புக்கு மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல் கட்டணம். அதனால் 6 மணிக்கு நிறுத்துகிறீர்கள், சரி. 10 மணிக்கு நான்கு கம்ப்ரசரும் ஒரே மூச்சில் ஓடினால்? அதிகபட்ச டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமை, எகிறி, அதற்குக் கேவிஏ (மின்சுமையின் அலகு) கணக்கில் வரும் கட்டணம் மிச்சத்தை விழுங்கிவிடும். நான் கணக்கு எழுதிய கிடங்கில் இதுதான் நடந்தது. முதல் மாத பில்லைப் பார்த்த முதலாளி கருவியைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மதியமே அறையைக் கூடுதலாகக் குளிர்வித்துவிடுங்கள். இரவில் முதலில் இரண்டை ஓட்டுங்கள்; அவை ஓய்ந்த பிறகு மற்ற இரண்டு.

நிறுத்திய நேரத்தில் புளி சூடேறுகிறதா என்று காட்ட, கதவருகே மூட்டைகளுக்கு நடுவில் ஒரு வெப்பமானி வையுங்கள். அந்தப் பதிவையும் பழைய பில்களையும் விண்ணப்பத்தோடு கொடுங்கள்.

இதே கருவியை விவசாயிகளின் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கும் பொருத்தும் உங்கள் யோசனை இப்போது வேண்டாம். விவசாய மின்சாரம் இலவசம். நேரம் மாற்றி ஓட்டினால் விவசாயிக்கு என்ன மிச்சம்?