வாசகர் கேள்வி – பதில்: சுருதியும் தாளமும் பிடிபடாத செலோ

கேள்வி: கர்நாடக வயலினை முறையாகப் படித்தவள் நான். போலந்து இசையமைப்பாளர் லுடோஸ்லாவ்ஸ்கி, வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செலோவுக்கும் வாத்தியக்குழுவுக்கும் சேர்த்து எழுதிய கொன்செர்ட்டோவைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு ஒரே களேபரம். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
– வாசகி, கல்லடி

பதில்: அந்த ஒரே சுரத்தைத்தான். ஆனால் அதை ஆதார சட்சமாக்கிவிடாதீர்கள். கர்நாடக இசையில் பழகிய காது முதலில் சறுக்குவது இங்கேதான். அது செலோவில் விரல் வைக்காமல் இழுக்கும் டி தந்தி; நமது கணக்கில் 2 கட்டை. நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும். அதைச் சட்சம் என்று எடுத்த கையோடு, அடுத்து வருவதை எல்லாம் ரி, க என்று எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். இரண்டாவது நிமிடத்தில் எந்த மேளகர்த்தா ராகமும் பொருந்தாது, எரிச்சல்தான் மிஞ்சும். உண்மையில் அந்த டி எதற்கும் அடித்தளம் அல்ல. ஈடுபாடில்லாமல் வாசிக்கும்படியே இசையமைப்பாளர் இசைத்தாளில் குறித்திருக்கிறார். செலோ எதையோ யோசிக்கத் தொடங்கும், நாலு சுரம் அலையும், விட்டுவிட்டு மறுபடி டிக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் எதை விட்டுவிட்டுத் திரும்பியது, எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்பதைக் கவனியுங்கள்.

இந்தத் தனி வாசிப்பு ஏறக்குறைய நான்கு நிமிடம். அதை ட்ரம்பெட் வந்து வெட்டும். பிறகு நான்கு பகுதிகள்: ஒவ்வொன்றிலும் செலோ சில கருவிகளை உரையாட அழைக்கும், பேச்சு சூடுபிடிக்கும், பித்தளைக் கருவிகள் வந்து கலைத்துவிடும். அதன் பின் மற்றத் தந்திக் கருவிகளோடு ஒரு நீண்ட பாடல் போன்ற பகுதி; அதுவும் உடைக்கப்படும். இறுதியில் நேரடி மோதல். முடிவில் செலோ தனியே உச்சத்தில் ஒரு சுரத்தை அடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் இடைவெளியின்றி 24 நிமிடமளவில் முடிந்துவிடும்.

தாளம் பிடிபடாததற்கும் காரணம் உண்டு. பல இடங்களில் நடத்துநர் கையால் அளவு காட்டுவதே இல்லை. தொடங்கு என்று சைகை கொடுத்ததும் ஒவ்வொரு கலைஞரும் தன் வரியைத் தன் வேகத்தில் வாசிப்பார். சுரங்கள் எழுதப்பட்டவை, ஒன்றோடொன்று சேரும் கணம் மட்டும் எழுதப்படாதது. ஆகவே தொடையில் தட்டிப் பார்ப்பது வீண். இணையத்தில் கிடைக்கும் 'இத்தனையாவது நிமிடத்தில் இது வரும்' என்ற குறிப்பையும் நம்ப வேண்டாம். ஒரு பதிவுக்குச் சரியானது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

முதல் நாள் அந்தத் தனி வாசிப்பை மட்டும், ட்ரம்பெட் வெட்டும் வரை, மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் செய்யாமல் இருங்கள். இரண்டாவது தடவை டி திரும்பி வரும்போதெல்லாம் தாளில் ஒரு குத்து வையுங்கள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, குத்துகளுக்கு நடுவில் நடப்பதை மட்டும் கேளுங்கள். முழுப் படைப்பை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம். 1970இல் லண்டனில் இதை முதன்முதல் வாசித்த ரஷ்யச் செலோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச், தனி மனிதனுக்கும் அதிகாரத்துக்கும் நடக்கும் போராட்டமாகவே இதைப் பார்த்தார். இசையமைப்பாளருக்கு அப்படி ஒரு கதையை ஏற்றுவதில் உடன்பாடில்லை. கதையை முதலில் படித்துவிட்டால் காது கதையைத்தான் கேட்கும். மூன்றாவது தடவைக்குப் பின் படியுங்கள்.

கேள்வி: இந்தக் கொன்செர்ட்டோவைக் கைத்தொலைபேசியில் போட்டால் பாதி நேரம் ஒன்றும் கேட்கவில்லை, மீதி நேரம் காது கிழிகிறது. செலோவே வயலின் மாதிரித்தான் ஒலிக்கிறது. பதிவில் கோளாறா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: பதிவு சரி. செலோவின் நான்கு தந்திகள் 65, 98, 147, 220 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பவை. கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் இந்த அடிச்சுரங்களைச் சரியாகத் தள்ள முடியாது. அவற்றோடு சேர்ந்து மெலிதாக ஒலிக்கும், மேலே உள்ள துணைச்சுரங்கள்தான் வெளியே வரும். அதனால்தான் கருவி மெலிந்து ஒலிக்கிறது. காதை மூடி உட்காரும் ஹெட்போன் போதும். விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை.

ஒலியளவை மெல்லிய இடத்தில் வைத்து அமைப்பதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. முதலில் முடிவுப் பகுதிக்குத் தள்ளி, பித்தளைக் கருவிகள் முழங்கும் இடத்தில் காது தாங்கும் அளவுக்கு வையுங்கள். பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். இடையில் கை வைக்கக் கூடாது. ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் கலக்கும் வசதி செயலியில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். விளம்பரம் குறுக்கிடும் தளங்களைத் தவிர்த்து முன்கூட்டியே தரவிறக்குங்கள்: 320 கேபிபிஎஸ் தரத்தில் 24 நிமிடத்துக்கு 58 எம்பி அளவில் வரும்.

மின்விசிறிதான் அடுத்த எதிரி. ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியின் செலோ கொன்செர்ட்டோ (1966) கேட்கப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் நிறுத்துங்கள். மெல்ல வாசி என்பதற்கான பி என்ற குறியை எட்டுத் தடவை போட்டுத் தொடங்குகிறார். செலோ எப்போது ஒலிக்கத் தொடங்கியது என்றே தெரியாது. முடிவும் விரல்கள் தந்தியில் உரசும் முணுமுணுப்புத்தான். கச்சான் காற்றுக் காலத்துப் பகலில், கதவு யன்னல் அடித்துக்கொள்ளும் வீட்டில் அதைப் போடுவது வீண்வேலை. விடியற்புறம் நல்லது.

கேள்வி: கீச்சென்றும் கண்ணாடி உரசுவது போலவும் வருவது பிழையான வாசிப்பா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: பெரும்பாலும் எழுதப்பட்டதுதான். வில்லை, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரைக்கு மிக அருகில் இழுத்தால் அடிச்சுரம் மெலிந்து துணைச்சுரங்கள் மேலெழும். அதுதான் கண்ணாடி ஒலி. தந்தியை அழுத்தாமல், சரி நடுவில் விரலால் தொட்டு இழுத்தால் ஒரு ஸ்தாயி மேலே விசில் போல வரும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் அதற்கும் மேலே பஞ்சமம். பக்கத்தில் வயலின் இருந்தால் இரண்டையும் செய்து பாருங்கள், பிறகு பதிவில் தானாக அடையாளம் தெரியும். பிழை என்றால் ஒரு தடவைதான் வரும். ஒரே ஒலி இன்னொரு பதிவிலும் அதே இடத்தில் வந்தால், அது இசைத்தாளில் உள்ளது.

கேள்வி: பாடசாலையில் இசை படிப்பிக்கிறேன். கூத்து தெரிந்த பிள்ளைகள். அவர்களுக்கு இந்த மாதிரிச் செலோ இசையை எப்படி அறிமுகம் செய்யலாம்?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: ஒரு பாடவேளையில் ஐந்து நிமிட இசைக்கு மேல் போட வேண்டாம். கூத்தில் வரவு பார்த்துப் பழகிய பிள்ளைகளிடம், 'இப்போது களரிக்கு யார் வந்தார், வந்ததும் மற்றவர் என்ன செய்தார்' என்று மட்டும் கேளுங்கள். கருவியின் பெயர் தெரியாவிட்டால் தடித்த குரல், கீச்சுக்குரல் என்று அவர்களே பெயர் வைக்கட்டும். 'என்ன உணர்ந்தீர்கள்' என்று கேட்டால் எல்லோரும் 'சோகம்' என்றுதான் எழுதுவார்கள்.

மத்தளம் அடிக்கும் பிள்ளைகள் இருந்தால் பின்லாந்து இசையமைப்பாளர் சலோனனின் செலோ கொன்செர்ட்டோவில் (2017) மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே செலோவுடன் பொங்கோ, கொங்கா மேளங்கள் மோதும். பிறகு இரண்டாம் பகுதி: செலோ வாசித்த துண்டுகள் அப்போதே பதிவாகி, திரும்பத் திரும்ப ஒலித்து, அதன் மேலேயே செலோ வாசிக்கும். எது இப்போது வாசிப்பது, எது பதிவு என்று பிள்ளைகள் கைதூக்கட்டும்.

கேள்வி: பத்தாவது நிமிடத்தில் நித்திரை வந்துவிடுகிறது.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மதியச் சோற்றுக்குப் பின் கேட்கிறீர்கள் போலும். சாய்மனைக் கதிரையை விட்டு, நிமிர்ந்து உட்காரும் கதிரைக்கு மாறுங்கள். அப்படியும் வந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, மறுநாள் அதற்கு இரண்டு நிமிடம் முன்னாலிருந்து தொடருங்கள்.