சனிக்கிழமை இரவில் தேடும் கதை

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் மூன்று சிறு சபைகளைக் கவனிக்கும் உபதேசியார். வயது 31. ஒரு சபை வயலோரத்தில் இருக்கிறது, மற்ற இரண்டும் தேரி என்னும் செம்மணல் காட்டில். எங்கள் பகுதிச் சபைகளுக்குப் பொறுப்பான குருவானவராகிய சேகரகுரு மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் என் பொறுப்பு. திருமண்டலத்தின் அட்டவணைப்படி வேதபாடங்களை எடுத்து ஒழுங்காகத்தான் ஆயத்தம் செய்கிறேன். ஆனாலும் கதை ஒன்று வந்தால்தான் சபையார் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆகவே சனிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் செல்போனில் கதை தேடுவது வழக்கமாகிவிட்டது.

போன மாதம் கழுகின் கதையைச் சொன்னேன். 40 வயதில் அது மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளும், நகங்களைப் பிடுங்கிப் போடும், 5 மாதம் காத்திருக்கும், பிறகு இன்னும் 30 ஆண்டு வாழும் என்ற கதை. பலர் கண்கலங்கினார்கள். ஆராதனை முடிந்ததும் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி வந்து, "ஐயா, அலகு இல்லாத அந்த ஐந்து மாதமும் கழுகு என்ன சாப்பிடும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தபோதுதான் அது கட்டுக்கதை என்று தெரிந்தது.

பண்டிகைகளும் காலங்களுமாக ஓடும் சபை ஆண்டு முழுமைக்கும் நம்பிக்கையான கதைகளை எங்கே தேடுவது? கதை உண்மையாக இல்லாவிட்டாலும், அதைக் கேட்டு ஒருவர் மனந்திரும்பினால் அது தவறா? எழுதுங்கள். என் பெயர் வெளிவர வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பிள்ளை உங்களை மடக்கக் கேட்கவில்லை. கதையை முழுக்க நம்பியிருக்கிறாள். நம்பியதால்தான் அந்தப் பறவையின் பசி அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று ஆலயத்தில் உங்களை மிக உன்னிப்பாகக் கேட்டவள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

கழுகின் அலகு நம் நகத்தைப்போல வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருப்பது. அதை உடைத்துக்கொண்ட பறவை இரையைக் கிழிக்க முடியாமல் பட்டினியால் செத்துவிடும். பழைய இறகு உதிர்ந்து புதிய இறகு முளைப்பது மட்டும் உண்மை. நீங்கள் அந்தக் கதையை 103ஆம் சங்கீதத்துக்காகத்தான் எடுத்திருப்பீர்கள். "கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது" என்பது ஐந்தாம் வசனத்தின் பின்பாதி. முன்பாதியையும் சேர்த்து வாசியுங்கள்: "நன்மையினால் உன் வாயைத் திருப்தியாக்குகிறார்." வாயை நிரப்புகிற தேவனைப் பற்றிப் பாடுகிற வசனத்துக்கு, வாயை உடைத்துக்கொள்கிற பறவையை விளக்கமாகச் சொல்லிவிட்டோம். "என்ன சாப்பிடும்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதில் வசனத்திலேயே இருந்தது. கதை அதை மறைத்துக்கொண்டு நின்றது. அவர் தருவதை வாங்கிக்கொள்வதாகச் சங்கீதம் சொல்லும் இளமையை, நாமே பல்லைக் கடித்துக்கொண்டு சம்பாதிப்பதாகக் கதை மாற்றியும்விட்டது.

பொய்க்கதைகளைப் பற்றி எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். தகவல் பிழையோடு அவை நிற்பதில்லை, வசனத்தையே இன்னொன்றாக்கிவிடுகின்றன. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றார் இயேசு. இதற்கு விளக்கமாக, எருசலேமில் 'ஊசியின் காது' என்றொரு சிறு வாசல் இருந்ததாகவும், ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டால் அதில் நுழைந்துவிடலாம் என்றும் சொல்வார்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. முழங்காலிட்டால் போதும் என்றிருந்தால், அதைக் கேட்ட சீஷர்கள் ஏன் மிகவும் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்டார்கள்? இயேசு கூர்மையாகச் சொன்னதை அந்த வாசல் மழுக்கிவிடுகிறது. எருசலேம் தேவாலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள், அங்கே செத்தால் இழுத்தெடுக்க வசதியாக, போகும் பிரதான ஆசாரியனின் காலில் கயிறு கட்டியிருந்தார்கள் என்ற கதையும் இப்படித்தான். வேதத்தில் அது இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த எழுத்துகளில்தான் தலைகாட்டுகிறது.

கண்ணீர் வந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். எனக்கு ஒன்பது வயதில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றைத் தியானித்தவர் ரயில் பாலத்தின் கதையைச் சொன்னார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். தூக்குப் பாலத்தை இயக்குகிறவரின் சிறு மகன் பற்சக்கரங்களுக்குள் விழுந்துவிடுகிறான். ரயில் வந்துகொண்டிருக்கிறது. பயணிகளைக் காப்பாற்றத் தகப்பன் பாலத்தை இறக்குகிறான், மகன் நசுங்கிச் சாகிறான், பயணிகள் எதுவும் அறியாமல் சிரித்தபடி கடந்து போகிறார்கள். ஆலயமே அழுதது. நானும் அழுதேன். அதன்பிறகு பல மாதம், ரயில் சத்தம் கேட்டால் அப்பாவின் கையை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் போய் நின்றேன். பரம பிதாவை நினைத்தாலும் அதே பயம் வந்தது.

வளர்ந்த பிறகுதான் அந்தக் கதையில் பிழை எங்கே என்று விளங்கியது. அதில் வரும் மகன் எதையும் தீர்மானிக்கவில்லை, தவறி விழுந்தவன். தகப்பனும் விபத்தில் மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் நிற்கிறவன். யோவான் சுவிசேஷத்திலோ, தம் ஜீவனைப் பற்றி, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று ஆண்டவர் சொல்கிறார். அன்று எங்களை அழவைத்த சிலுவை யோவானின் சிலுவை அன்று. அழுகை எதை நோக்கி வந்தது என்று பார்க்காமல், அழுதார்களே என்று நாம் திருப்திப்படக் கூடாது.

அதே பெரிய வெள்ளியில் சொல்ல, உண்மையாக நடந்த ஒன்று இருக்கிறது. 1941இல் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி தப்பியதாகச் சொல்லி, நாஜிகள் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்குப் பொறுக்கி எடுத்தார்கள். பிரான்சிஷெக் கயோவ்னிசெக் என்ற போலந்துக்காரர் தன் மனைவி பிள்ளைகளை நினைத்துக் கதறினார். மாக்சிமிலியன் கோல்பே என்ற கத்தோலிக்கக் குருவானவர் வரிசையைவிட்டு முன்னே வந்து, இவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். ஆகஸ்ட் 14 அன்று கோல்பே கொல்லப்பட்டார். கயோவ்னிசெக் பிழைத்தார், 1995 வரை வாழ்ந்தார். பெரும்பாலும் பிரசங்கிகள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். முகாமிலிருந்து மீண்ட அவரால் தம் இரண்டு மகன்களையும் பார்க்க முடியவில்லை. போரின் கடைசி ஆண்டில் குண்டுவீச்சில் இருவரும் இறந்துபோயிருந்தார்கள். இதையும் சொல்லுங்கள். மீட்கப்பட்டவனின் வாழ்க்கையிலும் ஆறாத துக்கம் உண்டு என்று அறிந்தவர்கள் உங்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடந்த கதையில் இப்படி ஒரு முள் இருக்கும். சனிக்கிழமை இரவு கையில் கிடைக்கிற கதையில் அந்த முள்ளை யாரோ முன்பே சீவியிருப்பார்கள்.

அப்படியென்றால் கற்பனைக் கதையே கூடாதா? இயேசு உவமைகளினாலேயன்றிப் பேசவில்லை என்று மாற்கு எழுதுகிறார். "ஒரு மனுஷனுக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள்" என்று தொடங்கும்போது, அந்த மனுஷன் எந்த ஊர் என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. உவமை என்று அறிந்தே கேட்கிறார்கள். நாத்தானின் ஆட்டுக்குட்டி கொஞ்சம் கடினமானது. இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னான். தாவீது அதை உண்மை வழக்கு என்றே நம்பினான். ஆனால் நாத்தான் அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே "நீயே அந்த மனுஷன்" என்று திரையை விலக்கிவிட்டான். நீங்களும் கற்பனை செய்யுங்கள், உவமையாகச் சொல்லுங்கள். நடக்காத ஒன்றுக்கு ஊர்ப்பெயரும் ஆண்டும் கொடுத்து மெய்ச்சம்பவமாக்கினால், உயிர்த்தெழுதலை மெய்ச்சம்பவம் என்று நீங்கள் சொல்லும் காலையில் அந்தப் பிள்ளை எதை வைத்து இரண்டையும் பிரிப்பாள்?

இனி எங்கே தேடுவது என்ற கேள்வி. உங்கள் ஊரிலேயே சபை ஆண்டு முழுவதும் பரந்து கிடக்கிறது, தம்பி.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் வரும்போது வயலோரச் சபையில் பிசானம் என்னும் மழைக்கால நெல் நடவு முடிந்திருக்கும். பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான் என்று யாக்கோபு சொல்வதை அவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. நள்ளிரவில் டார்ச்சோடு மடையைப் பார்த்து வருகிறவர்கள் அவர்கள். ஆனால் இதிலும் முள் உண்டு. 2023 டிசம்பர் 17, திருவருகையின் மூன்றாம் ஞாயிறு. அதையொட்டிப் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. காத்திருந்த மழையே பயிரையும் வீட்டையும் கொண்டுபோனது. உங்கள் மாவட்டத்தில் மழைக்காகக் காத்திருப்பதைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர், அந்த ஞாயிற்றைத் தாண்டிப் போய்விட முடியாது. அதைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அதுவும் பிரசங்கந்தான்.

ஈஸ்டருக்கு முந்திய 40 நாள் தவக்காலமாகிய லெந்து நாட்களில் தேரியில் பதநீர் இறங்கத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். பனை ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். நேற்றுத் தடவியது இன்றைக்கு உதவாது, ஒவ்வொரு முறையும் தடவ வேண்டும். 40 நாள் ஒழுக்கத்தை இதைவிட நன்றாக எந்தப் புத்தகம் உங்கள் சபையாருக்கு விளக்கும்? சொல்லும்போது, பனையிலிருந்து விழுந்து இறந்தவரின் மனைவி மூன்றாவது வரிசையில் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். குருத்தோலை ஞாயிற்றின் ஓலை வீட்டுச் சுவரில் காய்ந்து, சாம்பல் பூசும் வழக்கமுள்ள சபைகளில் மறு ஆண்டு சாம்பல் புதனன்று நெற்றிக்கு வருகிறது. அதற்கு விளக்கம்கூட வேண்டாம், காய்ந்த ஓலையைக் கையில் எடுத்துக் காட்டினாலே போதும்.

விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஓர் ஆண்டு, ஏழை விதவை ஒருத்தி ஒரே ஒரு முட்டையைக் காணிக்கையாகக் கொண்டுவந்தாள். ஏலம் எடுத்தவர் அதைத் திரும்பக் கோவிலுக்கே கொடுத்தார். மறுபடி ஏலம் விட்டார்கள். அந்த முட்டை ஏழெட்டுக் கை மாறியது. ஆட்டுக்கடாவுக்குக் கிடைத்ததைவிட அதிகப் பணம் அதற்குச் சேர்ந்தது. அதை மாற்கு 12இல் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசோடு சேர்த்துப் பல ஆண்டு பிரசங்கித்தார்கள். அழகான கதைதான். ஆனால் அந்த மழைக்காலமும் அவள் வீட்டுக் கூரை ஒழுகியது, அந்தப் பணத்திலிருந்து அவளுக்கு ஒரு ஓலைகூட வாங்கிக் கொடுக்கவில்லை. இதை யாரும் பிரசங்கித்ததில்லை. இரண்டு காசுக்குச் சற்று முன்னே, "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிற" வேதபாரகரைப் பற்றி ஆண்டவர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் முட்டையின் கதையை முழுதாகச் சொல்லியிருந்தால், மாற்கின் பகுதியும் எங்களுக்கு முழுதாகத் திறந்திருக்கும்.

பண்டிகைகளுக்கு இப்படி எதாவது கிடைத்துவிடும். உண்மையான சோதனை திரித்துவத் திருநாளுக்குப் பின் வரும் ஞாயிறுகள். ஏறக்குறைய பாதி ஆண்டு அது. அலங்காரமில்லாத அந்த மாதங்களில்தான் சமையல், கடன், பள்ளிக் கட்டணம், வழக்கு என்று மனிதர் வாழும் வாழ்க்கை நடக்கிறது. திங்கட்கிழமை காலையிலேயே அடுத்த ஞாயிற்றின் பாடத்தை வாசித்துவிடுங்கள். வாசித்துவிட்டு வீடு சந்திக்கப் போங்கள். பாடம் மனதில் இருக்கும்போது டீக்கடைப் பேச்சும் வேறுவிதமாகக் காதில் விழும். சனிக்கிழமை இரவில் தேடவேண்டிய தேவையே வராது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீடு சந்திப்பில் கேட்டதை அப்படியே பிரசங்க பீடத்துக்குக் கொண்டுவராதீர்கள். நான் பள்ளியில் படித்தபோது, குடியைவிட்டு மீண்ட ஒருவரின் சாட்சியை, பெயர் சொல்லாமல், எங்கள் ஆலயத்தில் பிரசங்கித்தார்கள். சின்ன ஊர். எல்லாத் தலையும் ஒரே பெஞ்சின் பக்கம் திரும்பியது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்புத் தோழி. பிறகு அவள் ஓய்வுநாள் பள்ளிக்கு வரவேயில்லை. நல்ல நோக்கத்தோடுதான் சொன்னார்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

ஆகவே கழுகைப் பற்றி நீங்கள் சொன்னது தவறு என்று சபையில் அறிக்கையிடும் ஞாயிறு அன்று, முதலில் அந்தப் பிள்ளையிடமும் அவள் தாயிடமும் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் அவள் கேட்ட கேள்வியையும் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் 'ஒருவர் கேட்டார்' என்றுகூடச் சொல்ல வேண்டாம், தவறை மட்டும் சொல்லிவிட்டு, 103ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தை முன்பாதியிலிருந்து வாசியுங்கள்.

அன்புடன்.