வேலைக்கும் போய்க்கொண்டு கதையும் எழுத என்ன பழக்கங்கள் உதவும்?

கேட்டவர் கொழும்பில் கணக்காளராக இருக்கிறாராம். பகல் முழுக்க வேலை, இரவில் உட்கார்ந்தால் ஒரு வரியும் வருவதில்லை. எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை சொல் எழுத வேண்டும் என்று கேட்கிறார். நானும் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் இருந்துகொண்டு சிறுகதை எழுதுகிறவன். மணிக்கணக்கும் சொற்கணக்கும் எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. மேசைக்கு வெறுங்கையோடு போகக்கூடாது, அதுதான் முக்கியம். அதற்கு எனக்குக் கைகொடுப்பது, காதில் விழுந்த பேச்சை அன்றன்றைக்கே எழுதி வைக்கிற பழக்கம்.

வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குக் கரையோர ரயிலில் போய் வருகிறேன். யாழ்ப்பாணத்துப் பேச்சும், மட்டக்களப்புப் பேச்சும், மலையகத்துப் பேச்சும், முஸ்லிம் ஆட்களின் பேச்சும் ஒரே பெட்டியில் காதில் விழும். எழுதுகிற ஒருவருக்கு இதைவிட என்ன கொடுப்பினை வேண்டும்?

ஒரு மழை நாள் பின்னேரம், உடுப்புக்கடையில் வேலை செய்கிற பிள்ளை போல, ஃபோனில் தாயோடு கதைத்துக்கொண்டு நின்றது. "இன்னைக்கும் அரைப்பேர் தானாம்மா? மழைத் தண்ணிக்கு வேற கிலோ வெட்டுனாங்களா?" ஒரு கையில் ஃபோன், மற்றக் கை சாப்பாட்டுப் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தது. கொம்பனித்தெரு தாண்டியதும், "சரிம்மா, நான் சனிக்கிழமை போட்டு விடுறேன்" என்று வைத்துவிட்டது. தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், ஈரக் கொழுந்து என்றால் அதிலும் கழிவு. இந்தத் தோட்டத்துக் கணக்கு முழுவதும் அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. அதையே "இன்றும் பாதிச் சம்பளம்தானா அம்மா" என்று திருத்தி எழுதிப் பாருங்கள். பிள்ளையும் இல்லை, தோட்டமும் இல்லை.

ஆகவே கேட்டபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். நான் ரயிலுக்குள் கொப்பியை எடுப்பதில்லை, அது அவர்களுக்கு மரியாதையில்லை. இறங்கி, பிளாட்போம் வாங்கில் இருந்து, சின்னக் கொப்பியில் எழுதுவேன்: சொன்ன வசனம், அப்போது கை என்ன செய்தது, எந்த நேரம், அவ்வளவுதான். பெயர் காதில் விழுந்தாலும் எழுதமாட்டேன். கதைக்குள் போகும்போது வயது, தொழில், ஊர் எல்லாம் மாறிவிடும். இதில் கண்டிப்பாக இருங்கள்.

கையால் எழுதுகிற பழக்கம் 2022இல் வந்தது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் ஞாபகமிருக்கும். மடிக்கணினி செத்துக் கிடக்க, மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியும் பேனையும்தான் துணை. கரண்ட் வந்த பிறகும் நான் மாறவில்லை. காலையில் ஃபோனைக் குசினியில் வைத்துவிட்டு, முதல் நாள் குறிப்பை வாசிப்பேன். ஏதாவது ஒரு வரி பிடித்துக்கொள்ளும், குளிக்கப் போகும்வரை அதோடு இருப்பேன்.

வாசிப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. வீட்டில் இருந்தபடி என்றால் 'நூலகம்' என்ற (noolaham.org) இணையத்தளத்தில் பழைய 'மல்லிகை' இதழ்கள் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திக்கொண்டிருந்த டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய சஞ்சிகை அது. நமக்கு நேரமில்லை என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். கதைகளில் பேச்சுத் தமிழ் வந்தபோது அதை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சிலர் ஒதுக்கிய காலம் 1960கள். அதற்கு எதிராக நின்று எழுதியவர்கள் வென்று தந்த உரிமையில்தான் இன்றைக்கு நாம் உரையாடல் எழுதுகிறோம். பழைய இதழ்களை வாசிக்கும்போது, ஒவ்வொரு ஊர்ப் பேச்சையும் எந்த எழுத்தில், எவ்வளவு அளவாகப் போட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். எந்தப் பயிற்சிப் பட்டறையும் இதைச் சொல்லித் தராது.

இன்னொன்றும் விடாமல் செய்கிறேன். கதை அனுப்புவதற்கு முன்னால், அந்த ஊர் ஆள் ஒருவரிடம் உரையாடலைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். எங்கள் அலுவலகத்தில் பதுளைப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்துத் தருவார். அவருடைய நாக்குத் தடக்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். காரணம் கேட்பதில்லை, திரும்ப எழுதிக்கொண்டு போவேன்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாட்களில் உங்களால் கதை எழுத ஏலாது. அந்த நாட்களில் கொப்பியில் ஒரு வரி போதும். பில் கொண்டு வருகிற சாரதி, காசு வராமல் நாலாம் தரம் ஃபோன் எடுக்கிற சப்ளையர், மேலதிகாரிக்கு முன்னால் ஒரு குரலும் பின்னால் ஒரு குரலுமாகக் கதைக்கிற ஆள் என்று உங்கள் மேசையைச் சுற்றியே ஆட்கள் நிற்கிறார்கள். நாளைக்கே அதில் ஒருவரில் இருந்து தொடங்கலாம்.