முடிச்சு அவிழாத கொடி: மூவர்ணக் கொடி பற்றி வாசகர் கேள்விகள்

பள்ளி விழாவில் சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறார், கொடி விரிய மறுக்கிறது. வருடாவருடம் இதே கதை. எங்கே தவறு?
(உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர்)

சுருக்கில். பத்துக்கு ஒன்பது இடத்தில், கொடி முன்கூட்டியே அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டியவர் போட்ட கூடுதல் சுற்றுதான் காலை வாரும்.

கம்பத்தின் உச்சியில் உள்ள கப்பி வழியாகக் கயிறு மேலே போய்க் கீழே வருகிறது. கப்பியிலிருந்து இறங்கும் முனையைக் கொடியின் காவி மூலையிலும், மறுமுனையைப் பச்சை மூலையிலும் கட்டுங்கள். காவி மூலைக்கும் கயிற்றின் முடிச்சுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி போதும். அதிகம் விட்டால் கொடி உச்சியைத் தொடாது. முடிச்சு பெரிதாக இருந்தால் கப்பிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

பிறகு மடிப்பு. கொடியை மேசையில் விரித்து, நீளவாக்கில் இரண்டாகவும் மறுபடி இரண்டாகவும் மடித்தால் ஒரு பட்டை கிடைக்கும். அதன்மேல் ஒரு கைப்பிடி இதழ்களைத் தூவி, பறக்கும் நுனியிலிருந்து கயிற்றுப் பக்கமாக விசிறி மடிப்பாக மடித்துக்கொண்டு வாருங்கள். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால் விரிய நேரமாகும், விசிறி மடிப்பு சட்டென்று விழும். இப்போது பச்சை மூலையிலிருந்து தொங்கும் கயிற்றால் மூட்டையை இரண்டே சுற்றுச் சுற்றி, அதே கயிற்றில் ஒரு வளையம் எடுத்து அந்தச் சுற்றுகளுக்கு அடியில் செருகுங்கள். வளையத்தை மட்டும்தான் செருக வேண்டும். கயிற்றின் நுனியையே உள்ளே விட்டு இழுத்துவிட்டால் அது உருவாஞ்சுருக்கு அல்ல, நிஜ முடிச்சு. யார் இழுத்தாலும் இறுகத்தான் செய்யும்.

முதல் நாள் மாலையே கட்டி ஏற்றி வைக்காதீர்கள். இரவுப் பனியில் நனைந்த பருத்திக் கயிறு உப்பிச் சுற்றுகளைக் கவ்விக்கொள்ளும். நைலான் கயிறு நனைந்தாலும் வழுக்கும், ஆனால் லேசான காற்றுக்கே அவிழ்ந்துவிடும் குணம் அதற்கு உண்டு. இதழ்கள் உலர்ந்திருக்கட்டும். தண்ணீர் தெளித்த ரோஜா இதழ் மடிப்புகளை ஒட்டவைப்பதோடு வெள்ளைப் பட்டையில் கறையும் விடும். கொடி விரியும்போது பூ விழுவதற்கு விதியில் அனுமதி உண்டு, அதனால் தயங்க வேண்டாம்.

கொடி அளவுள்ள ஒரு துண்டைக் கட்டி இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். விருந்தினரிடம் இரண்டு கயிற்றையும் காட்டி "இழுங்க சார்" என்று விடாமல், பச்சை மூலைக் கயிற்றை அவர் கையிலேயே கொடுங்கள். அப்படியும் விரியாவிட்டால் வெடுக்கென்று சுண்ட வேண்டாம். கயிறு கப்பியை விட்டு நழுவிப் பக்கத்தில் சொருகிக்கொண்டால், ஆள் ஏறித்தான் எடுக்க வேண்டும். இறக்கி, கையால் விரித்து, விரித்த கொடியாகவே விறுவிறுவென்று ஏற்றுங்கள். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஏற்றும்போது வேகமாகவும் இறக்கும்போது மெதுவாகவும் என்பதுதான் விதி.

தலைகீழாக ஏறிவிடுவதை எப்படித் தவிர்ப்பது?
(அரசு ஊழியர், தஞ்சாவூர்)

மடித்த பிறகு இரண்டு மூலைகளும் ஒன்றுபோலத் தெரிவதுதான் காரணம். ஆகவே மடிப்பதற்கு முன்பே, விரித்த நிலையிலேயே இரண்டு மூலைகளையும் கட்டிவிடுங்கள். கப்பியிலிருந்து வரும் கயிற்று முனையில் ஒரு வண்ண நூலைச் சுற்றி வையுங்கள். அடையாளம் கயிற்றில் மட்டும் இருக்கட்டும். கொடியின்மேல் எந்த எழுத்தும் கூடாது.

கொடியேற்றும்போது செருப்பைக் கழற்ற வேண்டுமா?
(வாசகி, காரைக்குடி)

இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்பு 2002-இல் அப்படி எதுவும் இல்லை. கழற்றுவது நம் ஊர்ப் பழக்கம். கழற்றுகிறவரைத் தடுக்கவும் வேண்டாம், கழற்றாதவரைக் குறை சொல்லவும் வேண்டாம். விதி கேட்பது வேறு: கொடி ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் கொடியைப் பார்த்து நிமிர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். சீருடையில் இருப்பவர்கள் வணக்கம் செலுத்த வேண்டும். அந்த நேரத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்து திரிவதுதான் உண்மையான மீறல்.

ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் கொடியேற்றுவதில் வேறுபாடு உண்டு என்கிறார்களே?
(போட்டித் தேர்வு மாணவர், மதுரை)

உண்டு. சுதந்திர தினத்தில் செங்கோட்டையில் கொடி கீழிருந்து மேலே ஏற்றப்படுகிறது, ஏற்றுபவர் பிரதமர். குடியரசு தினத்தில் கொடி ஏற்கெனவே உச்சியில் கட்டப்பட்டிருக்கும், குடியரசுத் தலைவர் அதை அவிழ்த்து விரிக்கிறார். தமிழில் இரண்டையும் 'கொடியேற்றம்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வேறுபாடு காதில் விழுவதில்லை.

மாநிலங்களில் ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் ஏற்றுவது 1974-இல்தான் தொடங்கியது. அதுவரை இரண்டு நாட்களிலும் ஆளுநரே ஏற்றினார். பிரதமர் டெல்லியில் ஏற்றும்போது முதலமைச்சர் மாநிலத்தில் ஏன் ஏற்றக் கூடாது என்று கேட்டுப் பெற்றவர் அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி. இன்று எல்லா மாநிலங்களும் அனுபவிக்கும் இந்த உரிமை இங்கிருந்து போனது.

பாரதியார் பாடிய 'தாயின் மணிக்கொடி' இந்த மூவர்ணக் கொடிதானா?
(தமிழாசிரியை, நெல்லை)

இல்லை. அந்தப் பாடலை நிதானமாகப் படித்தாலே தெரியும். அதில் வரும் கொடியில் ஒரு பக்கம் இந்திரனின் வச்சிரம், இன்னொரு பக்கம் இளம்பிறை, நடுவில் 'வந்தே மாதரம்' என்ற மந்திரம். சுதேசி இயக்க காலத்துக் கொடிகளின் சாயல் அது. 1906-இல் கல்கத்தாவில் ஏற்றப்பட்ட கொடியிலும், 1907-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் விடுதலைப் போராட்ட வீராங்கனை மேடம் காமா விரித்த கொடியிலும் 'வந்தே மாதரம்' எழுதப்பட்டிருந்தது. பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பரில். காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையைக் காங்கிரஸ் ஏற்றது 1931-இல். விழா மேடையில் மூவர்ணக் கொடிக்கு அந்தப் பாட்டைப் பாடுவதில் பிழையில்லை. பொருள் சொல்லும்போது மட்டும் 'மணி' என்பதை மூன்று நிறமாக்கிவிடாதீர்கள்.

வடிவமைத்தவர் பிங்கலி வெங்கய்யா என்று படித்தோம். சிலர் மறுக்கிறார்களே?
(வாசகர், ஈரோடு)

இரு தரப்பும் வெவ்வேறு கொடியைப் பற்றிப் பேசுகிறார்கள். 1921-இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) நடந்த காங்கிரஸ் கூட்டத்தில் வெங்கய்யா காந்தியிடம் காட்டிய வடிவம் சிவப்பும் பச்சையும் கொண்டது. வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி, ராட்டையை யோசனையாகச் சொன்னவர் லாலா ஹன்ஸ்ராஜ். 1931-இல் சிவப்பு காவியாகி மேலே வந்தது, வெள்ளை நடுவுக்குப் போனது. 1947 ஜூனில் ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த குழு (ராஜாஜியும் அம்பேத்கரும் அதில் இருந்தார்கள்) ராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரத்தை வைத்தது. ஜூலை 22 அன்று நேரு கொண்டுவந்த தீர்மானத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றது. வெங்கய்யாவின் பங்கு அடித்தளம். இன்றைய கொடி பல கை பட்டது.

ராட்டை ஏன் போனது என்பதற்கு நேரு அன்று சொன்ன காரணம் ஒரு தையற்காரருக்குக்கூட உடனே புரியும்: கொடியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். முழு ராட்டையை வரைந்தால் மறுபக்கத்தில் திசை மாறித் தெரியும். சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் அது ராட்டையையே குறிக்கிறது என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறது.

மூன்று நிறம் மூன்று மதமா? சக்கரத்தின் 24 ஆரங்களுக்கு 24 குணங்கள் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வருகிறதே?
(வாசகி, சேலம்)

நிறங்களுக்கு மதப் பொருள் இல்லை என்று 1931 தீர்மானமே வெளிப்படையாகச் சொன்னது. காவி துணிவும் தியாகமும், வெள்ளை உண்மையும் அமைதியும், பச்சை நம்பிக்கையும் வீரமும் என்பது அன்றைய விளக்கம். 1947-இல் ராதாகிருஷ்ணன் சபையில் பேசியபோது காவியைப் பற்றின்மைக்கும், வெள்ளையை வாய்மையின் ஒளிக்கும், பச்சையை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவுக்கும், சக்கரத்தை அறத்துக்கும் இயக்கத்துக்கும் அடையாளமாகச் சொன்னார்.

ஆரங்கள் 24, ஏனென்றால் சாரநாத் தூணின் சக்கரத்தில் 24. 1947 தீர்மானம் அந்த எண்ணுக்குத் தனிப் பொருள் எதுவும் தரவில்லை. குணப் பட்டியல் பிறகு வந்த கைச்சரக்கு.

அடுக்குமாடி வீட்டில் இரவிலும் கொடி பறக்கலாமா? பாலியஸ்டர் கொடி செல்லுமா? வாங்கும்போது எதைப் பார்ப்பது?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை)

முதல் இரண்டுக்கும் ஆம். பாலியஸ்டரும் இயந்திரத் தயாரிப்பும் 2021 டிசம்பர் 30 திருத்தத்தில் அனுமதிக்கப்பட்டன. அதற்கு முன் கையால் நூற்றுக் கையால் நெய்த கதர் மட்டுமே. பொதுமக்கள் வீட்டில் இரவும் பகலும் பறக்கலாம் என்பது 2022 ஜூலையில் வந்தது. வீட்டில் ஏற்றும் உரிமையையே 2004-இல் உச்ச நீதிமன்றம்தான் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது.

கடைக்கு ஒரு டேப் எடுத்துப் போங்கள். நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு பங்கு. அனுமதித்த ஒன்பது அளவுகளில் வீட்டுக்கு ஏற்றது 900 × 600 மி.மீ. அதில் ஒவ்வொரு பட்டையும் 200 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. மலிவுக் கொடிகளில் சக்கரம் முட்டை வடிவில் இருக்கும், நடுவைவிட்டு விலகியிருக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் அச்சாகி மறுபக்கம் மங்கித் தெரியும். இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் மூன்றும் பிடிபட்டுவிடும். இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் எண்ணே கொடிக்குத்தான்: ஐ.எஸ். 1. அந்தத் தரப்படி கதர்க் கொடி வேண்டுமென்றால் கர்நாடகத்தின் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியிலிருந்து வருவதைக் கேளுங்கள்.

பால்கனியிலிருந்து சாய்வாகக் கம்பு நீட்டினால் காவிப் பட்டை கம்பின் வெளி நுனியில் இருக்க வேண்டும். நாள் முழுக்கப் பறக்கும் கொடி முதலில் கிழிவது பறக்கும் ஓரத்தில். நூல் பிரியத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். இரவும் பகலும் பறக்கலாம் என்ற அனுமதி, கிழியும்வரை பறக்கலாம் என்ற அனுமதி அல்ல. பல குடியிருப்புகளில் ஆகஸ்டில் ஏறிய கொடி பொங்கல்வரை நரைத்துத் தொங்குகிறது. அதைவிட ஏற்றாமலே இருக்கலாம்.

மேடைச் சுவரில் கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் காவி எந்தப் பக்கம்?
(மேடை அலங்காரத் தொழிலாளி, கோவை)

பார்வையாளருக்கு இடப்பக்கம். கம்பத்தில் வைத்தால், அவையை நோக்கி நிற்கும் பேச்சாளரின் வலப்பக்கம். மேசை விரிப்பாகவோ மேடைத் திரையாகவோ கொடியைப் பயன்படுத்தவே கூடாது. அலங்காரத்துக்கு மூன்று நிறத் துணி போதும், சக்கரம் வேண்டாம்.

என் காரில் கொடி வைக்கலாமா?
(வாசகர், திருப்பூர்)

காரின் முன்பக்கக் கம்பியில் பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், பிரதமர், அமைச்சர்கள், நீதிபதிகள் போன்ற பட்டியலிட்ட பதவியினருக்கு மட்டும். வண்டியின் மேலோ பக்கத்திலோ பின்னாலோ கொடியைப் போர்த்துவதும் கூடாது.

அரைக்கம்பத்தில் என்றால் நேராகப் பாதிவரை ஏற்றினால் போதுமா?
(ஊராட்சி எழுத்தர், கடலூர்)

போதாது. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும் முன்பும் ஒருமுறை உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் இறக்க வேண்டும். துக்க நாள் சுதந்திர தினத்தோடோ குடியரசு தினத்தோடோ சேர்ந்து வந்தால், உடல் வைக்கப்பட்ட கட்டடத்தில் மட்டும் அரைக்கம்பம். மற்ற இடங்களில் முழுக்கம்பம்.

மூவர்ண கேக் வெட்டினால் வழக்கு வருமா?
(பேக்கரி உரிமையாளர், கோவை)

உங்கள் ஊரிலேயே வந்தது. 2013 கிறிஸ்துமஸ் விழாவில் அசோகச் சக்கரத்தோடு வெட்டிய கேக் குறித்து எழுந்த வழக்கில், 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அது 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றமல்ல என்றது. ஆனாலும் சக்கரத்தைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். ஏழு வருடத்துக்கு மேல் நீதிமன்றம் ஏற ஒரு கேக் தகுமா? கைக்குட்டை, மெத்தை உறை, உள்ளாடை ஆகியவற்றில் கொடியை அச்சிடுவதும் இடுப்புக்குக் கீழே அணிவதும் வேறு விஷயம். அவை அதே சட்டத்தில் நேரடியாகத் தடுக்கப்பட்டவை. மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கழற்றிய கொடியை எப்படி மடித்து வைப்பது? பழையதை என்ன செய்வது?
(இல்லத்தரசி, புதுச்சேரி)

கிடைமட்டமாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடியுங்கள். பிறகு வெள்ளையின் இரு ஓரங்களையும் உள்ளே மடித்தால் சக்கரமும், காவி பச்சையின் சிறு பகுதிகளும் மட்டும் மேலே தெரியும். உள்ளங்கைகளில் ஏந்திக் கொண்டுபோய் அலமாரியில் வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் வெள்ளையில் பூஞ்சை பிடிக்கும், மடிப்புக் கோட்டில் பச்சைச் சாயம் ஏறும். நிழலில் உலர்த்திய பின் மடியுங்கள்.

கிழிந்ததைத் துடைக்கும் துணியாக்கவோ குப்பையில் போடவோ கூடாது. தனிமையில், துண்டு துண்டாக்காமல் முழுதாக, எரிப்பது விதி சொல்லும் வழி. பருத்தி கதர் சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், புகையும் கெடுதி. மாடியில் வைத்து எரிக்காதீர்கள். எரிப்பது ஒன்றே வழியென்று விதி சொல்லவில்லை, மரியாதை குலையாத வேறு முறையும் ஏற்புடையதே. ஆகவே பாலியஸ்டரை மடித்து வெள்ளைத் துணியில் சுற்றி ஆழமாகப் புதைத்துவிடலாம். குழந்தைகள் சட்டையில் குத்தும் காகிதக் கொடிக்கும் இதே மரியாதை உண்டு. விழா முடிந்ததும் பள்ளி வாசலில் ஒரு பெட்டி வைத்துச் சேகரித்தால், தெருவில் மிதிபடாது.