வீ-கிராஸுக்கு எம்டி வேண்டாம், ஏடி போதும்

வாரத்துக்கு ஒரு தடவை தாண்டிக்குடி காபித் தோட்டம், மீதி நாளெல்லாம் மதுரை ரோடு, இதற்கு இசுசு வீ-கிராஸ் பிக்கப்பில் மட் டெரெய்ன் (எம்டி, சேற்றுக்கான) டயர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். இரண்டு வருஷம் எம்டி ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன், 80-ஐத் தாண்டினால் உள்ளே பாட்டு கேட்காது, அதைவிட மோசம், டயரின் பட்டன்கள் கட்டை கட்டையாக இருப்பதால் தரையில் படும் ரப்பர் குறைவு, நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆல் டெரெய்ன் (ஏடி, சேறு, தார் இரண்டுக்கும் பொதுவான) டயர் போடுங்கள். இப்போது இருப்பது 255/60 ஆர்18 (அகலம் 255 மிமீ, பக்க உயரம் அதில் 60%, ரிம் 18 இன்ச்) என்றால் அதே சைஸ் போதும். 265/60-க்குப் போனால் மொத்த உயரம் 12 மிமீதான் கூடும், ஆனாலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சேற்றில் டயர் காற்றை 22 பிஎஸ்ஐ-க்கு இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும், தார் ஏறியதும் மறுபடி நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரசர் வேண்டும். அப்புறம், பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுவார்கள்; டயரின் பக்கவாட்டில் 2324 என்றிருந்தால் அது 2024-ன் 23-வது வாரம் செய்தது.