கேளுங்கள், சொல்கிறேன்: மாமியாரும் மண் நாயும்

*கணவர் மெக்சிகோவிலிருந்து சிவப்பு மண் நாய் ஒன்று வாங்கி வந்தார். கொழுத்த வயிறு, குட்டைக் கால், பார்க்கவே ஆசையாக இருக்கிறது. என் மாமியாரோ, "இது பிணத்தோடு புதைக்கிற நாய், வீட்டுக்கு ஆகாது" என்கிறார். உண்மையா?*
– வாசகி, ஈசூன்

மாமியார் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் நாயின் பூர்வீகம் மெக்சிகோவின் மேற்குப் பக்கம், கொலிமா. அங்கும் பக்கத்து ஹாலிஸ்கோ, நயாரிட் பகுதிகளிலும் ஏறக்குறைய கி.மு. 300 முதல் கி.பி. 300 வரை, கிணறுபோல் நேராகத் தோண்டி, அடியில் அறை குடைந்து இறந்தவர்களை வைத்தார்கள். அந்த அறைகளில்தான் இந்த நாய்கள் கிடைத்தன. மனித முகமூடி போட்டுக்கொண்ட நாய்கூட உண்டு!

எதற்கு வைத்தார்கள்? 16ஆம் நூற்றாண்டில் நடு மெக்சிகோவின் அஸ்டெக் மக்களிடம் கேட்டு எழுதிவைத்த சஹகூன் என்ற ஸ்பானியப் பாதிரியார் ஒரு கதை சொல்கிறார். இறந்தவர் ஆறு ஒன்றைத் தாண்ட வேண்டும். நாய்தான் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். வெள்ளை நாயைக் கேட்டால் "இப்போதுதான் குளித்தேன்" என்னும். கறுப்பு நாய் "இப்போதுதான் கறை படிந்தது" என்னும். மஞ்சள் நாய் மட்டும் வரும். இந்தக் கதையை அப்படியே கொலிமா நாய்க்கு மாட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. தவிர, அந்தக் காலத்தில் நாயைக் கொழுக்க வைத்துச் சாப்பிடவும் செய்தார்கள். அந்த வயிறு வழித்துணையின் வயிறா, கட்டுச்சோற்றின் வயிறா? பெரும்பாலான குழிகளைத் திருடர்கள் முந்திக்கொண்டு காலி செய்துவிட்டதால், எது எதன் பக்கத்தில் இருந்தது என்ற விவரமே போய்விட்டது. அதனால்தான் 1993இல் ஹாலிஸ்கோவின் வித்ஸிலாப்பா என்ற இடத்தில் கைபடாத கல்லறை ஒன்று கிடைத்தபோது ஆய்வாளர்கள் அப்படி மகிழ்ந்தார்கள்.

சமூக மன்றத்தில் பானை வகுப்பு எடுக்கிறவன் என்பதால் இதையும் சொல்கிறேன். படத்தைப் பார்த்து நானும் ஒரு நாய் செய்தேன். காயட்டும் என்று பொறுக்காமல் சூளையில் வைத்தேன். வயிற்றுப் பக்கம் மண் கனமாக இருந்தது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, நாய் சில்லுசில்லாகத் தெறித்தது. பக்கத்தில் இருந்த மாணவியின் இரண்டு கோப்பைகளும் போயின. வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. கொலிமாக்காரர்கள் உள்ளே குடைவாக, சுவரை மெல்லிதாக இழைத்து, வாலையோ தலைமேல் ஒரு குழாயையோ திறப்பாக விட்டார்கள். பிறகு செம்மண் குழம்பு பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சக்கரம் கிடையாது, எல்லாம் கைவேலை.

உங்கள் நாய் பெரும்பாலும் இந்தக் காலத்து நகல்தான். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அசலை மெக்சிகோவிலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. அசலில் மண்ணுக்குள் கிடந்ததன் அடையாளமாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும் என்பார்கள். போலி செய்பவர்கள் அதையும் தூரிகையால் வைத்துவிடுகிறார்கள். மாமியாரிடம் சொல்லுங்கள், இது எந்தக் குழியையும் பார்க்காத நாய். தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

*2012இல் உலகம் அழியும் என்று சொன்ன காலண்டர் கல் இப்போது எங்கே?*
– வாசகர், பிடோக்

நீங்கள் நினைக்கும் வட்டக்கல் அஸ்டெக்குடையது. அந்த 2012 புரளி, தெற்கு மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் வாழ்ந்த மாயா மக்களின் நாட்காட்டியை வைத்துக் கிளம்பியது. கல் மெக்சிகோ நகர அருங்காட்சியகத்தில் சுகமாக இருக்கிறது, எடை சுமார் 24 டன்.

*மாயா மக்களும் ஜேட் என்ற பச்சைக்கல்லை அணிந்தார்களாமே! என் சீனப் பக்கத்து வீட்டுக்காரர், "அப்படியானால் அது எங்களிடமிருந்து போனது" என்கிறார்.*
– வாசகி, அங் மோ கியோ

போகவில்லை. மாயா ஜேட் குவாத்தமாலாவின் மோட்டாகுவா பள்ளத்தாக்கில் வெட்டியெடுத்தது. இரும்புக் கருவி இல்லாமல், மணலைத் தூவிக் கயிற்றால் அறுத்தறுத்தே அதை வடித்தார்கள். தங்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அந்தப் பச்சை இளஞ்சோளத்தின் பச்சை, தண்ணீரின் பச்சை. மாயா நகரான பலெங்கேயில் 683இல் இறந்த பக்கால் மன்னரின் கல்லறையை 1952இல் திறந்தபோது முகத்தில் ஜேட் முகமூடி, ஒரு கையில் கனசதுரம், மறுகையில் உருண்டை, வாயில் ஒரு மணி. மாயா மக்கள் வாழும் யுக்கட்டானில் இறந்தவர் வாயில் அரைத்த சோளத்தையும் கல்மணியையும் இட்டார்கள் என்று லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதியிருக்கிறார். நாம் அதை வாய்க்கரிசி என்போம். ஹான் காலச் சீனர்களும் ஜேட்டில் சில்வண்டு செதுக்கி வாயில் வைத்ததுண்டு. மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்ததல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லி ஒரு கோப்பி வாங்கிக் கொடுங்கள்.

*மெக்சிகோ நகர அருங்காட்சியகத்தில் அஸ்டெக் மக்களின் கோவட்லிக்குவே சிலையைப் பார்த்தேன். தாய்த் தெய்வத்தை ஏன் இவ்வளவு கோரமாகச் செதுக்கினார்கள்?*
– கல்லூரி மாணவர், பொங்கோல்

தம்பி, சிராங்கூன் சாலையில் காளியம்மன் கழுத்தில் மண்டையோட்டு மாலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையா இதைக் கேட்பது? இவள் பாவாடை முழுக்கப் பாம்பு, மாலையில் கைகளும் இதயங்களும். தலை இருக்கும் இடத்தில் இரண்டு பாம்புகள் எதிரெதிரே முகம் வைத்து நிற்கும். அது வெட்டுண்ட கழுத்தின் ரத்தம் என்பார்கள். 1790இல் தோண்டியெடுத்த பிறகு ஜனங்கள் வந்து வழிபடத் தொடங்கவே, கொஞ்ச காலம் மறுபடி புதைத்துவைத்தார்கள். நீ பார்க்காத ஒன்று இருக்கிறது: சிலையின் அடிப்பாகம். தரையில் பதியும் அந்தப் பக்கத்திலும் நிலத்தெய்வத்தின் உருவத்தை முழுசாகச் செதுக்கியிருக்கிறார்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்காதே. கும்பாபிஷேகத்தில் மூர்த்திக்கு அடியில் யந்திரத் தகடு வைத்து மூடுவார்களே, உன் பாட்டியிடம் கேள்.